கேப்டன் பூபதியின் ஐம்பது அடி

அழைப்புப் பத்திரிகையில் பெயர் அச்சாகிவிட்டது. அதுதான் வினை. ரிக் வண்டி உரிமையாளர் சங்க ஆண்டு விழா, சிறப்புரை: கேப்டன் அ. பூபதி. விழாவுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. கேப்டன் இதுவரை ஒரு விமானத்தைத் தொட்டதில்லை. தொடுவதற்கு முன்னால் எழுதித் தொலைக்க வேண்டிய பரீட்சையில் இரண்டு முறை ஊற்றிக்கொண்டிருந்தார்.

பூபதிக்குத் திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள் நான்கு. இருபத்தைந்து வருஷமாகப் பூமியில் ஓட்டை போட்டுக் குனிந்து குனிந்து பார்த்த மனுஷன், ஒருநாள் இடுப்பு வலிக்கிறதே என்று நிமிர்ந்தார். மேலே ஒரு விமானம் போனது. அவ்வளவுதான். சொந்த ஆசைக்கு விமானம் ஓட்டவும் ஒரு லைசென்ஸ் இருக்கிறது, பத்தாம் வகுப்பும் பணமும் இருந்தால் முயன்று பார்க்கலாம் என்று யாரோ சொன்னார்கள். பத்தாம் வகுப்பு இருந்தது. பணம் தாராளமாகவே இருந்தது. சங்கத்தில் போய்ச் சொன்னார். தலைவர் நடுவில் இருந்த பரீட்சை என்கிற அற்ப விஷயத்தைத் தாண்டி நேராகக் கேப்டன் பட்டத்தைக் கொடுத்துவிட்டார். பூபதியும் பெரிய மனசோடு வாங்கிக்கொண்டார்.

"எல்.எல்.ஆர். போடறதுக்கு முன்னாலயே பஸ் ஓட்டறவனாட்டம் இருக்குதுங்க," என்றாள் அவர் மனைவி தெய்வநாயகி. ரிக் ஆபீஸின் போன், டீசல், டிரில்லர்களின் சண்டை எல்லாம் அவள் பொறுப்பு. இப்போது கேள்வி வங்கியை வாசித்துக் காட்டுவதும் அவள் தலையில் விழுந்திருந்தது.

அந்தக் கேள்வி வங்கி நாமக்கல் கலைமணியின் தயாரிப்பு. முன்பு டாக்டர் படிப்பு நுழைவுத் தேர்வுக்குப் புத்தகம் போட்டவர். சந்தை மாறியதும் அட்டையிலிருந்து ஸ்டெதஸ்கோப்பை எடுத்துவிட்டு விமானத்தை ஒட்டினார். அவருடைய போதனை சுருக்கமானது: "கேள்விய முழுசாப் படிச்சா சந்தேகம் வருமுங்க சார். மொத மூணு வார்த்தையப் பாருங்க, விடைய அமுக்குங்க. யோசிக்கறவந்தான் பெயிலாவறான்."

பூபதி இரண்டு முறை யோசிக்காமலேயே பெயிலாகியிருந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று வாட்ஸ்அப்பில் இன்னொரு கேள்வி வங்கியையும் பிடித்தார். தொல்லை அங்கேதான் ஆரம்பித்தது.

"ஆல்டிமீட்டர், அதாவது ஒசரம் காட்டற மீட்டரு," என்று வாசித்தாள் தெய்வநாயகி. "காத்தழுத்தம் அதிகமா இருக்கற எடத்துல இருந்து கம்மியா இருக்கற எடத்துக்கு, மீட்டரத் திருத்தாமப் பறந்தா அது எப்புடிக் காட்டும்? நெசத்தவிட அதிகமாவா, கம்மியாவா?"

"கம்மியா."

"கலைமணி புஸ்தகத்துல கம்மி. வாட்ஸ்அப்புல அதிகம்னு போட்டிருக்குதுங்களே."

பூபதி கலைமணிக்குப் போன் போட்டார். தன் புத்தகத்தில் தப்பே வராது என்றார் கலைமணி. எப்படி என்று கேட்டதற்கு, அது தன் புத்தகம் என்றார்.

"ஏனுங்க, ரெண்டையும் ஓரமா வெச்சுட்டு ஒருக்கா யோசிச்சுப் பாருங்களேன்," என்றாள் தெய்வநாயகி.

"நான் எதுக்குப் புள்ள யோசிக்கோணும்? கருப்பனாரக் கேட்டுப்புடலாம்."

மறுநாள் காலை குலதெய்வம் கோயிலில் பூ கேட்டார்கள். வெள்ளரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். மனசுக்குள் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு விடையை நினைத்துக்கொள்ள வேண்டும். பூசாரி ஒன்றை எடுத்துப் பிரிப்பார். கல்யாணம், நிலம், புது வண்டி என்று எல்லாவற்றுக்கும் வாக்குக் கொடுத்த சாமி. ஆல்டிமீட்டரைப் பற்றிக் கேட்பது அதற்கே இதுதான் முதல் தடவை.

பூபதி கண்ணை மூடி நினைத்துக்கொண்டார். பூசாரி பொட்டலத்தை எடுக்கும் நேரம் பார்த்துச் சட்டைப்பையில் போன் அலறியது. சேந்தமங்கலம் பாப்பாயி. மரவள்ளிக் காட்டுக்குப் பூபதியிடம் போர்வெல் போட்டவள்.

"ஏனுஞ் சாமி, அறநூறடி ஓட்டுனோம்னு எழுதிக் குடுத்தீங்க. நான் கயித்துல கல்லக் கட்டி உட்டுப் பாத்தனுங்க. ஐந்நூத்தம்பதுலயே தட்டுது. அறநூறுல தண்ணின்னு பாயிண்டு பாத்தவரு சொல்லியிருக்காரு. அந்த அம்பதடி எங்கீங்க சாமி?"

"அம்மிணி, எங்க டிரில்லர் சின்னண்ணன் கணக்கு தப்பாது. உங்க கயிறு சுருங்கியிருக்கும்!" என்று கம்பீரமாகச் சொல்லிப் போனை வைத்தார்.

பூசாரி பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார். "வெள்ளைங்க. தெளிவா உத்தரவு குடுத்திருக்குது."

பூபதி கும்பிட்டார். கும்பிட்ட கை அப்படியே நின்றது.

"வெள்ளைக்கு என்னத்த நெனச்சீங்க?" என்றாள் தெய்வநாயகி மெதுவாக.

அதைத்தான் போன் பேசிய நேரத்தில் மறந்திருந்தார். "மறுக்கா ஒருதரம் கேக்கலாங்களா?" என்றார் பூசாரியிடம்.

"ஒரு காரியத்துக்கு ஒருக்காத்தானுங்க. சாமி என்ன கஸ்டமர் கேருங்களா?"

சென்னையில் பரீட்சை. குளிரூட்டிய அறை, கம்ப்யூட்டர், சுற்றிலும் மீசை முளைக்காத பையன்கள். பாதிக் கேள்விகள் பழகிய முகங்கள், மளமளவென்று அமுக்கினார். அப்புறம் அது வந்தது. அதே ஆல்டிமீட்டர்.

ஒரு பக்கம் கலைமணி, ஒரு பக்கம் வாட்ஸ்அப், நடுவில் ஒரு வெள்ளரளி. மூன்றும் உதவவில்லை. வேறு வழி இல்லாததால் பூபதி யோசித்தார்.

இந்த மீட்டர் உயரத்தை அளப்பதில்லை. காற்றின் அழுத்தத்தைப் பார்க்கிறது, அதை வைத்து அடியைச் சொல்கிறது. அழுத்தம் குறைந்தால், 'அடடே, மேலே ஏறிவிட்டோம்' என்று நினைத்துக்கொள்கிறது. விமானம் ஏறியிருக்கவே இருக்காது. இந்த மாதிரி ஓர் ஆளை எங்கேயோ பார்த்திருக்கிறோமே?

சின்னண்ணன்! மண் இளகிவிட்டால் துளை போடும் ராடு சரசரவென்று இறங்கும். இறங்கிய ராடுகளை எண்ணித்தான் ஆழம் எழுத வேண்டும்; சின்னண்ணன் எண்ண மாட்டான். வேகத்தைப் பார்த்தே, 'ஆச்சு, அறநூறு' என்று எழுதிவிடுவான். குழிக்குள் அறுநூறு இருக்காது, பில்லில் இருக்கும். மீட்டரும் சின்னண்ணனும் ஒரே ஜாதகம். கூட்டித்தான் காட்டும்!

'அதிகமாகக் காட்டும்' என்பதை அமுக்கினார். தேற எழுபது வேண்டும். எழுபதே வந்தது. ஒன்று குறைந்திருந்தால் போயிருக்கும்.

விழா மண்டபத்தில் பந்தி தயாராகிக்கொண்டிருந்தது. வெள்ளைச் சட்டையில், தோளில் தானே தைக்கக் கொடுத்த நான்கு தங்கக் கோடுகளோடு பூபதி மைக்கைப் பிடித்தார். சாம்பார் வாசனைக்கு மூக்கைத் திருப்பியிருந்த சபையை எப்படியாவது தன் பக்கம் இழுக்க வேண்டும்.

"விமான சாஸ்திரம் சாமானியமில்லீங்க. ஒசரம் காட்டற மீட்டரையே எடுத்துக்குங்க. அது நெசமா அளக்காது, அனுமானம் பண்ணும். காத்து இளகுச்சுன்னா அடியக் கூட்டிச் சொல்லிப்புடும். எப்புடின்னு கேக்கறீங்களா? நம்ம டிரில்லர் சின்னண்ணன் இருக்கானே, மண்ணு இளகுச்சுன்னா ராடையே எண்ணாம ஐந்நூத்தம்பத அறநூறுன்னு எழுதுவானே, அதே மாதிரி!"

ரிக் முதலாளிகள் அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எல்லார் வீட்டிலும் ஒரு சின்னண்ணன் உண்டு. பூபதி சிரிப்பு அடங்கட்டும் என்று கையை உயர்த்தினார். அடங்கியது. பெண்கள் வரிசையில் ஓர் அம்மாள் மஞ்சள் பையோடு எழுந்து நின்றாள்.

"ஏனுங் கேப்டன் சாமி, அப்ப எங் கயிறு சுருங்கலீங்களா?"

பாப்பாயி. பூபதி திரும்பித் தெய்வநாயகியைப் பார்த்தார். வாடிக்கையாளர்களுக்கெல்லாம் பத்திரிகை அனுப்பியது அவள்தான். அவள் மேடையில் இருந்த பூச்செண்டை மிகுந்த அக்கறையோடு ஆராய்ந்துகொண்டிருந்தாள். அதில் வெள்ளைப் பூக்களே அதிகம்.

மண்டபம் காத்திருந்தது. பூபதி தோள் கோடு ஒன்றைச் சரிசெய்துகொண்டு தொண்டையைச் செருமினார்.

"அம்மிணி, நாளைக்குக் காத்தால வண்டி வரும். மீதி அம்பதடிய ஓட்டிக் குடுத்துருவோம். பைசா வேண்டாம்."

கைதட்டல் கூரையைத் தொட்டது. விமான சாஸ்திரத்துக்குக் கிடைக்காத கைதட்டல். பூபதி அதையும் தனக்கே உரியதாகக் குனிந்து வாங்கிக்கொண்டார்.

"சின்னண்ணன அனுப்பாதீங்க," என்றாள் பாப்பாயி, உட்கார்ந்தபடி. "நீங்களே வாங்க கேப்டன். மீட்டரு எதும் கொண்டார வேண்டாம். எங்கிட்டக் கயிறு இருக்குது."