பட்டி பார்த்த சுவர்

முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டிய மனுஷரை வீட்டில் சும்மா உட்காரச் சொன்னால் என்ன ஆகும்? கண்ணில் பட்டதையெல்லாம் மாற்றத் தோன்றும். டிரைவர் ஓய்வு பெற்ற இரண்டாம் மாதம் அவர் கண்ணில் சமையலறை பட்டது.

அவர் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். தெருவே அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிடும். இவருக்கு சிஸ்டர் வீட்டுக்காரர் என்று பெயர். அதில் இவருக்குக் கொஞ்சம் பெருமை, கொஞ்சம் புகைச்சல். சிஸ்டர் ஓய்வு பெற இன்னும் நாலு மாதம் இருந்தது. அதற்குள் சமையலறையைப் புதுசாக்கி, இது உனக்காகச் செய்தது என்று காட்டிவிட வேண்டும் என்பது டிரைவரின் ஆசை. மனைவிக்கென்று யோசித்து அவர் செய்த காரியங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அது அவருக்கே தெரியும், உள்ளுக்குள் உறுத்திக்கொண்டும் இருந்தது.

சிஸ்டர் தடுக்கவில்லை. மேடைக்குக் கறுப்புக் கல், அலமாரிக்கு வெளிர்பச்சை, தொட்டி ஜன்னலுக்குக் கீழே என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கதவுக்குப் பின்னால் இருந்த சுவரைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அதில் போய் யாராவது கை வைப்பார்கள் என்று தோன்றியிருந்தால்தானே சொல்வதற்கு?

அந்தச் சுவர் முழுக்கப் பென்சில் எழுத்து. டிரைவர் விடிவதற்கு முன் டிப்போவுக்குப் போனால் பிற்பகலில்தான் வருவார். அதற்குள் சிஸ்டர் டியூட்டிக்குக் கிளம்பியிருப்பார். அவர் திரும்பும்போது இவர் குறட்டையில் இருப்பார். செல்போன் இல்லாத காலம். அதனால் சொல்ல வேண்டியதைச் சுவரில் எழுதிவைத்தார்கள். கேஸ் வந்தது, பால் தீர்ந்தது, பாப்பாவுக்கு மாத்திரை கொடுத்தாச்சு, சாப்பாடு மூடி வச்சிருக்கேன். போன் வந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. இடம் தீர்ந்தபோது பழசை அழித்துவிட்டு எழுதினார்கள், அழிக்காமல் விட்டவையும் உண்டு.

பெயின்டர் அந்தச் சுவருக்கு முன்னால் நின்று தலையைச் சொறிந்தார். இந்தக் கிறுக்கலை என்ன செய்வது என்று கேட்டார். டிரைவர் அப்போது மேஸ்திரி தோரணையில் இருந்தார். பட்டி பார்த்து அடித்துவிடச் சொன்னார். பெயின்டர் வேலையில் கெட்டி. மேடு பள்ளமெல்லாம் மறைய இரண்டு முறை பட்டி இழுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேலே வெள்ளை அடித்தார். வேலை முடிந்தபோது அங்கே ஓர் எழுத்து இருந்ததாகக்கூடச் சொல்ல முடியாது.

சிஸ்டர் டியூட்டி முடிந்து வந்தார். கல்லைத் தடவிப் பார்த்தார், குழாயைத் திறந்து மூடினார், நன்றாக இருக்கிறது என்றார். பிறகு கதவைச் சாத்தினார். தோளில் மாட்டிய பையை இறக்காமல் அந்த வெள்ளைச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்படியே போய்ப் படுத்துக்கொண்டார்.

டிரைவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வெளியூரில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டார். சுவர் மொட்டையாக இருந்தால் அம்மாவுக்கு எப்படிப் பிடிக்கும், அர்த்தமுள்ளதாக ஒரு படம் மாட்டுங்கள் என்றாள் மகள். கையோடு போனில் பன்னிரண்டு படங்களையும் அனுப்பிவைத்தாள்.

படங்களுக்குச் சட்டம் போடும் கடையிலிருந்து முதலில் ஒரு பழக்கூடை வந்தது. இந்தப் பழத்தைப் பார்த்தால் இருக்கிற பசியும் போய்விடும் என்றார் சிஸ்டர். அடுத்து ஆவி பறக்கும் கோப்பை. ஆஸ்பத்திரி கேன்டீனில் இதே படம் இருக்கிறதாம். மூன்றாவதாக ஒரு குருவிக் கூடு, அதில் அம்மா, அப்பா, குஞ்சு. இதில் அர்த்தத்துக்கு என்ன குறைச்சல் என்று டிரைவர் கேட்டார். அழகாகத்தான் இருக்கிறது, வேறு யார் வீட்டுக்கோ வாங்கின மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டு சிஸ்டர் குளிக்கப் போனார். படத்தை மாற்ற டிரைவர் மறுபடி போனபோது, கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

நாலாவது படத்தில் ஒரு படகு. அதோடு வந்தபோது சிஸ்டருக்கு விடுமுறை நாள். மேடைக்கு அருகே நின்று காய் நறுக்கிக்கொண்டிருந்தார். டிரைவருக்குப் பொறுமை போய்விட்டது.

"உனக்கு என்ன படம்தான் வேணும்? வாயைத் திறந்து சொன்னாத்தானே தெரியும்."

"எனக்குப் படம் வேணாங்க. அங்க நீங்க எழுதினது இருந்துச்சு."

கேஸ் வந்தது பால் தீர்ந்தது என்று ஆயிரம் எழுதியிருப்பேனே என்றார் அவர்.

"அது இல்ல. பாப்பா ஆஸ்பத்திரியில கிடந்தப்ப எழுதினது."

டிரைவர் படகைத் தரையில் வைத்தார். மறக்கக்கூடியதா அது? மகளுக்கு அப்போது ஏழு வயது. காய்ச்சல் முற்றிப்போய் வார்டில் கிடந்தாள். ஊர்ப் பிள்ளைகளைப் பார்க்கத் தெரிகிறது, பெற்ற பிள்ளையைப் பார்க்கத் தெரியவில்லை என்று மற்ற நர்ஸுகள் நடுவே மனைவியைப் பார்த்துச் சொல்லிவிட்டார். மகளுக்கு வந்திருப்பது சாதாரணக் காய்ச்சல் இல்லை என்று முதலில் கண்டுபிடித்துத் தூக்கிக்கொண்டு ஓடியதே சிஸ்டர்தான் என்று பிறகு டாக்டர் சொன்னார். பதினோரு நாள் சிஸ்டர் இவரோடு பேசவில்லை. சுவரிலும் ஒரு வரி எழுதவில்லை. பன்னிரண்டாம் நாள் வேலைக்குக் கிளம்பும்போது இவர் பென்சிலை எடுத்தார். எடுத்தது ஞாபகம் இருக்கிறது. எழுதியதில் ஒரு சொல்லும் ஞாபகம் இல்லை.

"என்ன எழுதினேன்?" என்று கேட்டார். கேட்கவே வெட்கமாக இருந்தது.

சிஸ்டர் கத்தியைக் கீழே வைக்கவில்லை. "நான் சொன்னது தப்பு. உன்னாலதான் பாப்பா பொழச்சா. வாயால சொல்ல வரல, அதான் எழுதுறேன்" என்று ஒப்பித்தார். "தினம் கிளம்புறப்ப கதவைச் சாத்தி ஒரு தடவை படிச்சிட்டுத்தான் போவேன்."

டிரைவர் வெள்ளைச் சுவரைக் கையால் தடவிப் பார்த்தார். பிறகு, "அதுக்குக் கீழ நீ எழுதினது எனக்கு ஞாபகம் இருக்கு" என்றார்.

சிஸ்டர் நிமிர்ந்தார். தான் பதில் எதுவும் எழுதியதாக அவருக்கு நினைவில்லை.

"சாப்பாடு மூடி வச்சிருக்கேன், சூடு பண்ணிக்கோங்க."

"அது தினமும் எழுதுறதுதானே."

"அந்தப் பதினோரு நாள் எழுதலையே. அன்னைக்கு வந்து அதைப் பார்த்துட்டு, யூனிஃபார்மைக்கூட மாத்தாம கதவுக்குப் பின்னாடி நின்னு அழுதேன். சூடு பண்ணவும் இல்ல, அப்படியே சாப்பிட்டேன்."

டிரைவர் சட்டத்தின் ஆணிகளை நெம்பிக் கண்ணாடியையும் படகையும் வெளியே எடுத்தார். வெறும் சட்டத்தைச் சுவரில் மாட்டினார். பென்சில் தேட வேண்டியிருக்கவில்லை, வழக்கமான டப்பாவிலேயே இருந்தது. சிஸ்டர் ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்ல, சட்டத்துக்குள்ளே வெள்ளைச் சுவரில் எழுதிக்கொண்டே வந்தார். வாயால் சொல்ல வரவில்லை என்ற இடத்தில் பென்சில் நின்றது.

"இது இனிமே வேணாம்" என்றார். மனைவி பக்கம் திரும்பினார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "நான் சொன்னது தப்பு. உன்னாலதான் பாப்பா பொழச்சா."

இருபத்திரண்டு வருஷம் கழித்து வந்த பேச்சு. சிஸ்டர் முந்தானையில் கையைத் துடைத்தார், அதிலேயே கண்ணையும் துடைத்துக்கொண்டார். அவர் கையிலிருந்து பென்சிலை வாங்கி, அவர் எழுதியதற்குக் கீழே, சாப்பாடு மூடி வச்சிருக்கேன் என்று எழுதினார். அடுப்பில் இன்னும் உலையே வைக்கவில்லை.