விமானியின் இடது கண்

பொம்மையைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் மூன்றாவது ஆளிடம் போய் நின்றாள். அது அவளுடைய கொழுந்தன். உள்ளே கூடத்தில் அண்ணன் உடம்பைக் கிடத்திவிட்டு, வருகிறவர்களுக்காக வாசலில் நாற்காலி விரித்துக்கொண்டிருந்தார். அவர் முகத்துக்கு நேரே பொம்மையை நீட்டினாள்.

"இவன் கண்ணு ரெண்டும் ஒரே பக்கம் பாக்குதா, சொல்லுங்க."

கொழுந்தன் பொம்மையைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார். நல்லாத்தான் இருக்கு அண்ணி, உள்ளே போய் உட்காருங்கள் என்றார். மகனும் இதையேதான் சொன்னான். எதிர்வீட்டு டீச்சரும் இதையேதான் சொல்லி, கூடவே அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். ஒருவரும் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை. பார்க்காமல் சொல்வது எப்படி இருக்கும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். முப்பது வருடமாக அவள் செய்துவந்த வேலை அது.

பொம்மை என்றால் முழுப் பொம்மை இல்லை. தலையும் மார்பும்தான், மொத்தமே ஒரு சாண் இருக்காது. ஏதோ ஒரு பழைய யுத்தத்தில் சண்டை விமானம் ஓட்டியவன். தோல் தொப்பி, நெற்றிக்கு ஏற்றிவிட்ட, காற்றைத் தடுக்கும் கண்ணாடி, கழுத்தைச் சுற்றிக் கம்பளிக் காலர். துண்டு துண்டாகப் பெட்டியில் வந்தவனை உரசி, ஒட்டி, சாம்பல் பூச்சு அடித்து, முகத்துக்கு மட்டும் பத்துப் பன்னிரண்டு தடவை மெல்லிசாக வண்ணம் ஏற்றியிருந்தார் அவள் கணவர். லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் கிரீஸில் கிடந்த விரல்கள் சாயங்காலம் மூன்று மயிர் பிரஷைப் பிடித்தால் நடுங்காது. அதில் அவளுக்கு உள்ளூரப் பெருமைதான். வெளியே சொன்னதில்லை.

கண்தான் கடைசிப் பரீட்சை. அச்சில் கருவிழி கிடையாது, வெறும் வழவழப்பு. அவன் எங்கே பார்க்கிறான் என்பது வண்ணம் பூசுகிறவர் கையில் இருக்கிறது. ரொம்ப நேரம் உற்றுப் பார்த்த கண் பொய் சொல்லும் என்பார். அதனால் வரைந்து முடித்ததும் தன் தீர்ப்பை நம்பாமல் அவள் பக்கம் நீட்டுவார். "இவன் எங்க பாக்குறான்?" அடுத்த ஜன்னலோரம் அவளுடைய தையல் மிஷின். கால் மிதியில், கை துணியில், உதட்டில் வரிசையாகக் குண்டூசி. குண்டூசி கடித்த வாயால் ஒன்றுதான் சொல்ல முடியும். "ம்."

இப்படியே இருபது முப்பது வீரர்கள் அலமாரிக்குப் போய்விட்டார்கள். எல்லோருக்கும் கண் நேராகவே இருந்தது. அவள் "ம்" சொன்னதால் அல்ல, அவர் சரியாக வரைந்ததால்.

இந்த விமானக்காரன் மட்டும் படுத்தினான். போன ஞாயிற்றுக்கிழமை கண் வரைந்தார். சரியா என்று கேட்டார், அவளும் "ம்" என்றாள். இல்லையே, ஒண்ணு ஓடுதே என்று பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டுத் துடைத்துவிட்டார். திங்கள் அப்படியே. செவ்வாய் அப்படியே. புதன்கிழமை அவள் ஊசிகளை எடுத்துவிட்டு, அவனுக்கு ஒன்றரைக் கண் என்றே விட்டுவிடுங்களேன், பாவம், அவனுக்கும் கல்யாணம் ஆகவேண்டாமா என்று கேலி செய்தாள். அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம் குரலில் அவ்வளவு சந்தோஷம். "இப்பதான் சரியா வந்திருக்கு. பாரேன்."

"ம்" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை பல் துலக்கப் போனவர் குளியலறை வாசலிலேயே சரிந்தார். ஆஸ்பத்திரியில் மதியம்வரைகூடத் தாங்கவில்லை. தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாம். சின்ன வயசு டாக்டர், எதையோ எழுதிக்கொண்டே கேட்டான். "நாலஞ்சு நாளா ரெண்டு ரெண்டா தெரியுது, பார்வை கோணுதுன்னு எதாவது சொன்னாராம்மா? சில பேருக்கு முன்னாடியே அப்படிக் காட்டும்." இல்லை என்றாள். அவர் அப்படிச் சொல்லவே இல்லை. பொம்மையின் கண் ஓடுகிறது என்றுதான் சொன்னார். அதைப் போய் டாக்டரிடம் யார் சொல்வார்கள்?

இன்று காலை அடையாள அட்டையைத் தேடி அவர் மேசையைத் திறந்தபோதுதான் விமானக்காரனை முதல் தடவையாகப் பார்த்தாள். ஒரு கண் அவளைப் பார்த்தது. இன்னொன்று அலமாரியைப் பார்த்தது.

அதிலிருந்து அவளுக்கு எதுவும் பிடிபடவில்லை. இது அவருக்கு நேராகத் தெரிந்தது என்றால், ஞாயிற்றுக்கிழமை அவர் கோணல் என்று துடைத்தது? அது நேராக இருந்ததா? அவளும் நேர் என்றுதானே சொன்னாள். பார்த்துச் சொன்னாளா? யோசிக்க யோசிக்க, நீலக் கால்சட்டை ஒன்றின் முழங்கால் கிழிசலும் அதற்குத் தோதாக நூல் கிடைக்காததும்தான் ஞாபகத்துக்கு வந்தன. கண் வரவில்லை. ஒருவேளை ஈர வண்ணத்தில் யாராவது கை வைத்திருக்கலாம். ஒருவேளை இப்போது அவளுக்கே பார்வை கலங்கியிருக்கலாம், இரண்டு நாளாகத் தூக்கமா சோறா? யாராவது ஒருவர் நிஜமாகவே பார்த்து, நேராக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் போதும். அவள் உட்கார்ந்து அழலாம்.

மகள் வந்து பொம்மையை வாங்கப் பார்த்தாள். அம்மா, எல்லாரும் பார்க்கிறார்கள், கொடு என்றாள். அவள் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

வண்டி வர அரைமணி நேரம் இருக்கும்போது, பசை என்று எல்லோரும் கூப்பிடுகிறவர் வந்தார். கணவருக்கு இந்தப் பைத்தியத்தைப் பிடிக்கவைத்த கூட்டாளி. ஒருமுறை இரண்டு விரலைச் சேர்த்து ஒட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியதிலிருந்து அந்தப் பெயர். கூடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளிடம் வந்தார். அவள் பொம்மையை நீட்டினாள்.

பசை பார்த்தார். காலையிலிருந்து பார்த்த முதல் ஆள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனார், பொம்மையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். அவ்வளவு நேரம் ஆகும் என்று அவள் நினைக்கவில்லை. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, சண்டையில் இருக்கிற விமானி எதிரி வருகிறானா என்று பக்கவாட்டில் பார்த்துக்கொண்டேதான் இருப்பான், அதைத்தான் காட்டியிருக்கிறார் போல என்றார்.

"ஒத்தக் கண்ணாலயா?"

பசை மூக்குக்கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

"எனக்கு ஆறுதல் வேணாம்ணே. உள்ளதச் சொல்லுங்க."

"வலது கண்ணு நேரா இருக்கு. இடது வெளிய போகுது, தங்கச்சி." அவர் பொம்மையைப் பார்த்தே பேசினார். "இப்படி விடுற ஆளில்ல அவரு."

"ஞாயித்துக்கெழமையிலருந்து தொடச்சுத் தொடச்சு வரஞ்சாரு. இது அவருக்கு நேரா தெரிஞ்சிருக்கு."

பசை சட்டைப்பைக்குள் கையைவிட்டு எதையோ தேடினார், கிடைக்கவில்லை. முதலில் வரைந்தது எப்படி இருந்தது என்று அவரே கேட்டார். தெரியாது என்றாள். முப்பது வருடத்தில் அவள் சொன்னதிலேயே மிகக் கேவலமான வார்த்தையாக அது அவளுக்குப் பட்டது. அவர், பத்து நிமிட வேலைதான், சாமானெல்லாம் மேசையிலேயே இருக்கிறது, கண்ணைச் சரிசெய்துவிடட்டுமா என்றார். அவள் வேண்டாம் என்று வேகமாகத் தலையாட்டி, பொம்மையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டாள்.

வெளியே வண்டி நிற்கும் சத்தம் கேட்டது. கூடத்தில் அழுகை ஒரேயடியாக உயர்ந்தது. அவளை முன்னால் விட்டார்கள். அவள் முழங்காலிட்டு உட்கார்ந்து, கணவர் முகத்தருகே பொம்மையைப் பிடித்தாள். இரண்டு கண்ணையும் ஒவ்வொன்றாக, ஊசியில் நூல் கோக்கும் கவனத்தோடு பார்த்தாள். இடது கருவிழியைச் சுற்றி ஒரு பழுப்பு வளையம், அதற்குள் புள்ளியாக ஒரு வெள்ளை. இவ்வளவு சின்னதை மனிதக் கை செய்திருக்கிறது என்று அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

குனிந்து அவர் காதருகே சொன்னாள்.

"நேரா இல்லீங்க. இடது கண்ணு கோணலா இருக்கு."

கொழுந்தன் அவள் தோளைத் தொட்டார். நேரமாகிறது என்றார். அவள் நகர்ந்து வழிவிட்டாள். மகள் அழுதுகொண்டே அவளைத் தூக்கி நிறுத்தி, அப்பாகிட்ட என்னம்மா சொன்ன என்று கேட்டாள்.

"அஞ்சு நாளா ஒண்ணு கேட்டுட்டிருந்தாரு. சொன்னேன்."

மகளுக்குப் புரியவில்லை. கேட்கவும் நேரமில்லை. அம்மா கையிலிருந்த பொம்மை இப்போது எளிதாகவே வந்துவிட்டது. ஆட்கள் அவரைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டும்போது, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் மகள் நாற்காலிகளுக்கு நடுவே நின்றாள்.