எடுக்கக் கூடாத போன்

அடித்துக்கொண்டே இருந்த போனை இரண்டு பேர் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்கள். இதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு மனசு ஆறவில்லை.

எங்கள் அப்பா சாமிதுரை புத்தரைப் பிடித்துக்கொண்ட பிடி இருக்கிறதே, அதுதான் எங்கள் வீட்டிலேயே பெரிய பற்று. நாகப்பட்டினத்தில் தீட்சை வாங்கியதிலிருந்து ஞாயிறுதோறும் தம்ம வகுப்புக்குப் போவார். வந்ததும் பாடத்தை எங்கள்மேல் சோதித்துப் பார்ப்பார். நாற்றங்காலை ஆடு மேய்ந்துவிட்டதா? பற்றை விடு. என் தோடு தொலைந்துவிட்டதா? பற்றை விடு. குழம்பில் உப்பு கூடினால் மட்டும் விடமாட்டார்.

அண்ணன் சேரன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டர். கீழ்வேளூர்ப் பக்கம் வெளிநாட்டுக்குப் பிள்ளையை அனுப்பிய வீடுகளில் அப்போது இருந்த ஏற்பாடுதான் எங்கள் வீட்டிலும். சாயங்காலம் மிஸ்டு கால் வரும். அடித்து நின்றால் பிள்ளை நன்றாக இருக்கிறான் என்று அர்த்தம். எடுத்தால் அவனுக்குக் காசு போய்விடும். ஞாயிற்றுக்கிழமை வருவதை மட்டும் எடுத்துப் பேசலாம். மற்ற நாளெல்லாம் அம்மா காளியம்மாள் போனை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள். அது அடித்ததும், "சாப்பிட்டியாய்யா?" என்று எடுக்காமலே கேட்பாள்.

அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. போனை அலமாரி மேல் தூக்கி வைத்துவிட்டார். அடித்தால் ஓடக் கூடாது. இருந்த இடத்திலேயே இருந்து மனம் துடிப்பதைக் கவனிக்க வேண்டும். இதுதான் அம்மாவுக்கு அவர் கொடுத்த பயிற்சி.

அந்தப் புதன்கிழமை நான் கல்லூரியில் இருந்தேன். வீட்டில் இருந்திருந்தால் அப்பாவைத் தள்ளிவிட்டு எடுத்திருப்பேன். நடந்ததை அம்மா பிறகு சொன்னாள். மத்தியானம் அவள் வாசலில் காயப்போட்ட நெல்லைத் துழாவிக்கொண்டிருந்தபோது போன் அடித்திருக்கிறது. எழுந்தவளின் கையை அப்பா பிடித்துக்கொண்டார்.

"ஏங்க, இந்நேரத்துல அடிக்க மாட்டானே. ரொம்ப நேரமா அடிக்குதுங்க."

"ஆசையா அடிக்கிறான். நீ எடுத்தா அவன் காசுதான் போவும். உக்காரு. இந்தத் தவிப்பு வருது பாரு, அதைப் பாரு."

நின்றது. மறுபடி அடித்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு தவிப்பைப் பார்த்தாளாம்.

நான் வீடு திரும்பி முகம் கழுவும்போது மறுபடி அடித்தது. எனக்குப் பயிற்சி கிடையாது. எடுத்தேன். பேசியது அண்ணனோடு வேலை செய்யும் வலங்கைமான் தங்கையன்.

"எழில்மொழியா? மத்தியானம் ஏம்மா யாருமே எடுக்கல?"

இரும்புத் தகடு சரிந்து அண்ணனின் வலது கை நசுங்கிவிட்டது. கையை எடுத்துவிடவேண்டும் என்று டாக்டர் சொன்னதும், அம்மா குரலை ஒருதடவை கேட்டுவிட்டு மயக்க மருந்து போட்டுக்கொள்கிறேன் என்றிருக்கிறான். தங்கையன்தான் அவன் காதில் போனை வைத்துப் பிடித்திருக்கிறான். அதற்குமேல் டாக்டர்களால் காத்திருக்க முடியவில்லை.

"அவங்களத் திட்டாதடா, எடுக்காதீங்கன்னு நான்தானே பழக்கிவச்சேன்னு சொல்லிட்டுத்தாம்மா உள்ள போனான்."

நான் சொல்லச் சொல்ல அப்பாவின் முகம் சுண்டிப்போனது. வாய் மட்டும் பழக்கத்தில் பேசியது. "உடம்புங்கிறது நெலையில்லாததுதானே காளி..."

அம்மா கத்தவில்லை. அவரை உற்றுப் பார்த்தாள்.

"அது நான் பெத்த கைங்க."

அப்பா வாசலில் கிடந்த நெல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கு அவர்மேல் அவ்வளவு ஆத்திரம். துக்கம் உண்டு என்பதுதான் புத்தர் சொன்ன முதல் உண்மை. இந்த மனுஷன் அதைத் தாண்டிக் குதித்து நேராகக் கடைசிப் பாடத்துக்குப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை அண்ணனே பேசினான். அம்மாவிடம், "ஒண்ணுமில்லம்மா, நல்லாருக்கேன், அழுவாத," என்றான். என்னிடம், இடது கையால் இட்லி சாப்பிடப் பழகுவதாகச் சொல்லிச் சிரித்தான். அப்பா கையை நீட்டினார். கொடுக்க எனக்கு மனசே இல்லை. கொடுத்தேன்.

பாடம் ஆரம்பிக்கப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன்.

"சேரா," என்றார் அப்பா. "ரொம்ப வலிக்குதாய்யா?"

போனுக்கு வெளியே கேட்கிற மாதிரி அண்ணன் ஓவென்று அழுதான்.

"வலிக்குதுப்பா."