தெத்துப்பல்

சட்டத்திலிருந்து தம்பியின் படத்தைக் கழற்ற முடியவில்லை. பல் மருத்துவர் அதை அப்படியே தூக்கிக் கணினித் திரைக்குப் பக்கத்தில் நிமிர்த்திப் பிடித்தார். கிடங்குத் தீயில் கருகி, யாரென்றே தெரியாமல் வந்த உடலின் மேல்வரிசைப் பற்கள் திரையில் பெரிதாகத் தெரிந்தன. அந்தக் கிடங்குக்குக் காவல் வேலைக்குப் போன தம்பி இன்னும் வீடு திரும்பவில்லை. அக்கா திரையைப் பார்க்காமல் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பல்லுக்கு எக்ஸ்ரே எதுவும் எடுத்ததில்லையா?"

"பல் டாக்டர் பக்கமே தலைவெச்சுப் படுத்ததில்ல சார். ஊசின்னா ஓடிடுவான்," என்றார் அப்பா.

மருத்துவர் மறுபடி ஒப்பிட்டார். "படத்துல பல்லு வரிசையா இருக்கு. இங்க கோரைப்பல் ஒண்ணு முன்னால ஏறி நிக்குது. ஒத்துப்போகலையே."

"அப்ப என் பையன் இல்ல!" அப்பா எழுந்தே விட்டார். "எங்கயாவது ஃப்ரெண்டு வீட்ல கிடப்பான். வாம்மா, போலாம்."

அவள் எழவில்லை. தம்பிக்கு வீட்டில் பெயரே தெத்துதான். பெண் தேடியபோது ஸ்டூடியோக்காரரிடம் சொல்லி அந்தப் பல்லைப் படத்தில் சீராக்கியது அப்பாதான். "இந்த மாப்பிள்ளைக்கே பொண்ணக் குடுக்கச் சொல்லுங்க, நான் வீட்லயே இருந்துக்கறேன்," என்று தம்பி கேலி செய்து தீர்த்தான். வாயெல்லாம் பல்லாக அவன் நிற்கும் படங்கள் எத்தனையோ இருக்க, காலையில் அப்பா நாற்காலி போட்டு ஏறிச் சுவரிலிருந்து இதைத்தான் கழற்றினார்.

அவளுக்கும் போய்விடலாம் என்றுதான் இருந்தது. போனால் அப்பா இனி ஒவ்வொரு கதவுச் சத்தத்துக்கும் எழுந்து உட்காருவார். தம்பி இங்கே கேட்பாரற்றுக் கிடப்பான்.

"அப்பா, உக்காருங்க."

"எதுக்கு? அதான் இல்லன்னு சொல்லிட்டாரே."

"அப்பா."

அவர் உட்கார்ந்தார். அவளைப் பார்க்கவில்லை. அவள் கைப்பேசியில் ஒரு படத்தை எடுத்து மேசைமேல் தள்ளினாள். சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பியவனை நிறுத்தி எடுத்தது. தலையைச் சாய்த்துச் சிரிக்கிறான்.

மருத்துவர் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். கண் போயிற்று, மூக்கு போயிற்று, அந்தப் பல் மட்டும் நின்றது. அதையும் திரையையும் மாறி மாறி வெகுநேரம் பார்த்தார்.

அப்பா சட்டமிட்ட படத்தை எடுத்து மடியில் கவிழ்த்துக்கொண்டார்.

"சார்," என்றார். "பார்த்தாச்சுன்னா கொஞ்சம் சின்னதாக்குங்க. முகம் தெரியட்டும்."