எட்டாம் கோட்டையும் ஒரு டி.வி. பாக்ஸும்

எங்கள் வீட்டு டி.வி. வெடித்த சத்தம் கெலவரப்பள்ளி அணை வரைக்கும் கேட்டது என்று நான் சொன்னால் என் மனைவி ராசாத்தி மறுப்பாள். 'புஸ்' என்று ஒரு சத்தம், கொஞ்சம் கருகல் வாடை, அவ்வளவுதான் என்பாள். அவள் பேச்சை நம்பாதீர்கள். சம்பவம் நடந்தபோது அவள் அடுப்படியில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தாள். டி.வி.க்கு எதிரே உட்கார்ந்திருந்தவன் நான்.

இரண்டாயிரத்து ஏழாம் வருஷம், ஆயுத பூஜை நாள். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் எலெக்ட்ரிகல் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவன் நான் என்பதால் காரணம் எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஆயுத பூஜைக்கு ஓசூரில் எந்த மிஷினும் ஓடாது. லேத்திலிருந்து பெரிய பிரஸ் வரைக்கும் எல்லாம் மாலை போட்டுக்கொண்டு சும்மா இருக்கும். அத்தனை மோட்டார்களும் குடிக்க வேண்டிய கரண்டு பிறகு எங்கே போகும்? நேராக எங்கள் தெருவுக்கு வந்தது. டியூப் லைட் நடுப்பகல் சூரியனாக எரிந்தது. ஃபேனை ஒன்றில் வைத்தால் வீட்டையே தூக்கிக்கொண்டு கிருஷ்ணகிரிக்குப் போய்விடும் போலிருந்தது. டி.வி.யின் பிக்சர் டியூப் பாவம், எவ்வளவுதான் தாங்கும்?

டி.வி. மட்டும் போயிருந்தால் அதற்கும் ஒரு மாலை போட்டு வழியனுப்பியிருப்பேன். அதோடு இணைத்திருந்த வீடியோ கேம் பெட்டிதான் பிரச்சினை. அது எங்கள் மகன் அசோக்குமார் பள்ளிக்கூட நாட்களில் ஆடியது. அவன் வேலை கிடைத்துப் புனே போனதும் பரணில் கிடந்தது. பரணைச் சுத்தம் செய்யப் போன ராசாத்தி அதை இறக்கினாள். இறக்கியவள் அதற்குப் பிறகு பரணைச் சுத்தம் செய்யவே இல்லை.

ஆட்டம் இதுதான். முட்டைக் கண்ணோடு ஒரு குள்ளச் சிப்பாய், குழி தாண்டிச் சுவர் ஏறி எட்டுக் கோட்டைகளைப் பிடிக்க வேண்டும். எட்டாவது கோட்டையில் நெருப்புக் கக்கும் கழுகு ஒன்று காத்திருக்கும். அந்தக் காலத்துப் பெட்டிக்கு ஞாபகசக்தி கிடையாது. ஒரு நொடி கரண்டு போனாலும் மறுபடி முதல் கோட்டையிலிருந்து ஓட வேண்டும். ராசாத்தி ஆறாவது கோட்டைக்கோ ஏழாவது கோட்டைக்கோ போகும் நேரம் பார்த்துக் கரண்டு போகும், இல்லாவிட்டால் கேஸ் சிலிண்டர் வரும், அதுவும் இல்லாவிட்டால் நான் காபி கேட்பேன். "இந்த வீட்டுல நான் எதையாவது முடிவு வரைக்கும் பாத்திருக்கனா?" என்று அவள் ஒருநாள் கேட்டபோது, கேள்வி விளையாட்டைப் பற்றியது மட்டும் இல்லை என்று எனக்கே தோன்றியது.

அன்றைக்குத்தான் முதல்முறையாக எட்டாம் கோட்டைக்குள் போயிருந்தாள். மிச்சம் ஒரே ஓர் உயிர். படையலுக்கு நேரமானதால் சிப்பாயை ஒரு மேடையில் பத்திரமாக நிறுத்தி, ஆட்டத்தை அப்படியே உறையவைக்கும் 'பாஸி'ல் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். பின்னாலேயே டி.வி. போனது.

கரண்டியோடு ஓடிவந்தாள்.

"பொட்டிய அமுத்திப்புட்டீங்களா?"

"இல்ல, டி.வி. மட்டுந்தான் போச்சு. பொட்டியில லைட் எரியுது பாரு."

குனிந்து அந்தச் சிவப்பு விளக்கையே பார்த்தாள். "அப்ப அவன் உசுரோடதான் இருக்கான்" என்றாள்.

பண்டிகை நாளில் டி.வி. கடை ஏது, மெக்கானிக் ஏது. எந்த வீட்டிலும் டி.வி.யைக் கழற்றித் தர மாட்டார்கள். விடிந்ததிலிருந்து புதுப்படம் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு மாடிவீட்டு ஜெகதீஷ் ஞாபகத்துக்கு வந்தான். ஃபாக்டரியில் டிசைன் வேலை பார்க்கிற பையன், கம்ப்யூட்டர் வைத்திருந்தான். ஆனால் கம்ப்யூட்டர் மானிட்டரில் நம் பெட்டியின் மஞ்சள் பின்னைச் சொருக ஓட்டையே கிடையாது. இது பேசுகிற பாஷை அதற்குப் புரியாது. நம் ஊர்ச் சந்தையில் கன்னடக்காரருக்கும் தமிழ்க்காரருக்கும் நடுவில் நின்று ஒரு தெலுங்குக்காரர் பேரம் முடித்து வைப்பாரே, அப்படி ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் டி.வி. பாக்ஸ். கையகல டப்பா. ஒரு பக்கம் மஞ்சள் பின்னை வாங்கிக்கொண்டு மறுபக்கம் மானிட்டருக்குப் படம் கொடுக்கும். கிரிக்கெட் பார்ப்பதற்காக ஜெகதீஷ் அதையும் வாங்கி வைத்திருந்தான்.

நான் மாடிக்குப் பறந்தேன். வயது அறுபதை இறக்கி வைத்துவிட்டுத்தான் படியேறினேன்.

அங்கே மானிட்டர், டி.வி. பாக்ஸ், மிக்ஸி, ஸ்கூட்டர் சாவி, அயர்ன் பாக்ஸ் எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு சாமி படத்துக்கு முன்னால் வரிசையாக இருந்தன. ஜெகதீஷ் தன் மனைவி சுப்ரியாவைப் பார்த்தான். பக்கத்துப் பேரிகை ஊரில் விவசாயக் குடும்பத்துப் பெண் அது. முறை என்றால் முறைதான்.

"பூஜையில வெச்சத நடுவுல எடுக்கக்கூடாது அங்கிள். எங்க அப்பா டிராக்டரக்கூட நகத்த மாட்டாரு. நாளைக்குக் காலையில புனர்பூஜ முடிச்சிட்டு நானே எடுத்துத் தர்றேன்."

சிப்பாயின் ஒற்றை உயிரைப் பற்றி நான் உருக்கமாக எடுத்துச் சொன்னேன். சுப்ரியா அனுதாபத்தோடு கேட்டுவிட்டுப் பொரி கொடுத்து அனுப்பியது.

மறுநாள் காலை வரைக்கும் எங்கள் வீடு எல்லைக் காவல்படை முகாமாக இருந்தது. ஸ்விட்ச் போர்டுக்கு மேல் மண்டை ஓடு வரைந்து 'தொட்டால் மரணம்' என்று எழுதி ஒட்டினேன். கரண்டு எகிறினால் எகிறட்டும், போய்விடக் கூடாதே என்பதுதான் ஒரே கவலை. ஃபாக்டரிகள் மூடிக் கிடந்த புண்ணியத்தில் கரண்டு போகவில்லை. வெடித்த டி.வி.க்குக் காவல் இருக்கும் எங்களைப் பார்த்து, பொரிகடலை கொடுக்க வந்தவர்கள் ஒரு மாதிரியாகத்தான் திரும்பிப் போனார்கள்.

காலையில் ஜெகதீஷ் மானிட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தான். பின்னாலேயே டி.வி. பாக்ஸோடு சுப்ரியாவும் வந்தது. பெட்டி அசையாமல் இருக்க நான் இரண்டு கையாலும் அணைத்துக்கொள்ள, ராசாத்தி மஞ்சள் பின்னை டி.வி.யிலிருந்து உருவி டி.வி. பாக்ஸில் சொருகினாள். ஜெகதீஷ் ஸ்விட்சைப் போட்டான்.

திரை முழுக்க நீலம். வேறு ஒன்றும் இல்லை.

பாஸில் இருக்கும்போது பாட்டும் வராது. ஆகவே ஆட்டம் இருக்கிறதா, போய்விட்டதா என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. ஜெகதீஷ் மெதுவாக, "வோல்டேஜ் எகிறினப்பவே ஆட்டம் போயிருக்கும் ஆண்ட்டி. ஸ்டார்ட்ட ஒரு தடவ அமுக்கினா தெரிஞ்சிடும்" என்றான்.

ராசாத்தி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம்ப்பா. இருந்தான்னா, கை தவறிப் பட்டாலும் இருட்டுல ஓடிக் குழியில விழுந்துருவான்."

நான் வயரை முறுக்கினேன், டப்பாவைத் தட்டினேன், மெயின் லைனில் உள்ள குறைகளை விரிவாக விளக்கினேன். நீலம் நீலமாகவே இருந்தது. ராசாத்தியின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவள் மஞ்சள் பின்னை உருவி விரல்களுக்கு நடுவில் உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு அதை மூக்கருகே கொண்டு போனாள்.

"என்னாங்க இது, ஒயருல கோயில் வாசன அடிக்குது."

எல்லோரும் சுப்ரியாவைத் திரும்பிப் பார்த்தோம்.

"எல்லாத்துக்கும்தான் பொட்டு வெச்சேன்" என்றது அந்தப் பெண், குரல் இறங்கி. "இந்த டப்பா பூரா எழுத்தும் பட்டனுமா இருந்துச்சு. அந்த ஓட்டைதான் வட்டமா, பொட்டுக்குன்னே செஞ்ச மாதிரி இருந்துச்சு."

மஞ்சள் பின் போக வேண்டிய ஓட்டைக்குள் சந்தனம் கல்லாகக் காய்ந்திருந்தது; பின் பாதிதான் உள்ளே போயிருக்கிறது. உலகத்தில் வேறெந்த ஊரிலும் ஒரு டி.வி. பாக்ஸுக்கு இப்படி ஒரு கோளாறு வந்திருக்காது என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவேன். பாக்ஸின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சுப்ரியாவே ஊக்கால் சுரண்டியது. விளக்குத் திரி ஒன்றை என் ஆஃப்டர் ஷேவ் லோஷனில் நனைத்து உள்ளே விட்டுத் துடைத்தது. கூடம் முழுக்க முடிவெட்டும் கடையும் கோயிலும் கலந்த ஒரு மணம். காயும் வரைக்கும் ஊதினோம். நான் ஊதிய ஊதலில் ஜன்னல் திரை பறந்தது.

ராசாத்தி கண்ணை மூடிக்கொண்டு பின்னைச் சொருகினாள்.

வந்தான். முதலில் கறுப்பு வெள்ளையாக வந்தான். ஜெகதீஷ் ஒரு பட்டனை அமுக்கியதும் சட்டையில் பச்சை ஏறியது. அதே மேடையில், அதே முட்டைக் கண்ணோடு, ஒரு ராத்திரி முழுக்க நின்ற களைப்பே இல்லாமல் நின்றான். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை சிமென்ட் இறங்கியது. ராசாத்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கன்ட்ரோலரை எடுத்தாள்.

ஆனால் ஒரு சிக்கல். இங்கே பட்டனை அமுக்கினால் அங்கே அவன் ஒரு கண்ணிமைக்கும் நேரம் பிந்தித்தான் குதித்தான். படத்தை வாங்கி மாற்றிக் கொடுக்க டப்பா கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளும் என்றான் ஜெகதீஷ். ஒரே உயிர், எதிரே குழி. அவள் முன்னால் போகவே இல்லை. அந்த மேடையிலேயே அவனைக் குதிக்கவிட்டுக் குதிக்கவிட்டுப் பார்த்தாள்.

"பஸ் ஸ்டாண்டுல பஸ் இப்ப இருக்கிற எடத்துக்கா ஓடுவோம்?" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "வந்து நிக்கப்போற எடத்துக்குத்தான ஓடுவோம்."

பிறகு போனாள். குழி வருவதற்கு முன்பே அமுக்கினாள், நெருப்பு வருவதற்கு முன்பே குனிந்தாள். கழுகு ஏழு முறை கக்கியது. எழுபது என்று தெருவில் சொல்லி வைத்திருக்கிறேன். கடைசி அடியில் அது சுருண்டு விழ, கோட்டை மேல் கொடி ஏறி, திரையில் ஆங்கில எழுத்துகள் வரிசையாக மேலே போகத் தொடங்கின.

காலிங் பெல் அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. மறுபடியும் அடித்தது. ராசாத்தி கடைசி எழுத்து மேலே ஏறி மறையும் வரைக்கும் கன்னத்தில் கை வைத்துப் பார்த்தாள். திரை இருண்டதும், "ம், சரி" என்று சொல்லித் தன் கையாலேயே பெட்டியின் ஸ்விட்சை அமுத்தினாள்.

நான் போய்க் கதவைத் திறந்தேன்.