பெருந்தன்மைக்கு ஒரு மாலை

கிளம்புமுன் மாமியாருக்குத் துணி மாற்றிவிட்டு இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவியும், திரௌபதியின் கையில் வீச்சம் போகவில்லை. மேடையில் பக்கத்து நாற்காலியில் கணவன் ராமதாஸ் ரோஜா மாலையோடு உட்கார்ந்திருந்தான். அவள் கையைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டாள்.

மறுநாள் அவளுக்குக் கடைசி வருஷப் பரீட்சை தொடங்குகிறது. இன்று செங்கம் ரோட்டுக் கல்யாண மண்டபத்தில், மனைவியைப் படிக்க வைத்த ராமதாஸுக்குப் பாராட்டு விழா. ஏற்பாடு செய்தது அவன் உறுப்பினராக இருக்கும் மன்றம்.

கல்யாணத்தால் பாதியில் நின்ற பி.ஏ. படிப்பை எண்பத்தொன்றில் தொடரப் போவதாக அவள் சொன்னபோது, ராமதாஸ் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “போய்க்கோ. ஆனா வீட்ல ஒண்ணும் கொறையக் கூடாது” என்றான். ஒன்றும் குறையவில்லை. விடியுமுன் எழுந்து மாவு ஆட்டினாள், துவைத்தாள், இரண்டு பிள்ளைகளையும் பள்ளிக்கு அனுப்பினாள், அதன்பிறகு கல்லூரிக்கு ஓடினாள். மறு வருஷம் மாமியார் வெள்ளையம்மாள் பாரிசவாயுவில் படுத்தார். பகலில் பக்கத்து வீட்டு பீபி ஜான் வந்து பார்த்துக்கொண்டாள். ராமதாஸ் அந்த அறை வாசலில் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பான். “எப்டிம்மா இருக்கே?” என்பான். பதிலுக்கு நிற்க மாட்டான்.

இப்போது அவன் மைக்கைப் பிடித்தான். “அவ படிக்கறப்ப காப்பி நான்தாங்க போட்டுக் குடுப்பேன். எங்கம்மாவயும் நானே பாத்துக்கறேன். ஒரு பொண்ணு முன்னுக்கு வரணும்னா ஆம்பள கொஞ்சம் தாழ்ந்து போவணுங்க.” சொல்லும்போது அவன் குரல் உடைந்தது, கண் கலங்கியது. அது நடிப்பில்லை, தான் சொன்னதை அவனே நம்பிவிட்டான் என்பது திரௌபதிக்குத் தெரிந்தது. அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது.

நன்றி சொல்ல அவளைக் கூப்பிட்டார்கள்.

“இவரு போட்ட காப்பிய நான் இன்னி வரைக்கும் குடிச்சதில்லீங்க” என்றாள்.

கூட்டம் சிரித்துக் கை தட்டியது. வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று நினைத்தார்கள். மன்றத் தலைவர் ராமதாஸின் முதுகில் தட்டினார்.

“காலைல பரீட்சை இருக்கு. நான் வரேங்க” என்று சொல்லி அவள் இறங்கி நடந்தாள்.

வீட்டில் வெள்ளையம்மாளின் துணி மறுபடி நனைந்து நாறிக் கிடந்தது. துணைக்கு இருந்த பீபி ஜானை அனுப்பிவிட்டு, திரௌபதி புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்தாள். அந்தம்மாள் நல்ல கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“நீ போய்ப் படி. அவன் வரட்டும்.” நாக்கு குழறினாலும் வார்த்தை தெளிவாகவே விழுந்தது.

“ஈரத்துல கெடப்பீங்களா அத்தை?”

“கெடக்கறேன். போ.”

ராமதாஸ் மாலையோடே வந்தான். “நாலு பேர் முன்னால மானத்த வாங்கிட்டியேடி!”

“அத்தை உங்கள கூப்பிடறாங்க.”

விஷயம் புரிந்ததும் பின்வாங்கினான். “நான் ஆம்பள. பெத்தவளுக்கு எப்டி…”

“நான் உனக்குக் கழுவலியாடா?” என்றது உள்ளிருந்து குரல்.

வேறு வழியில்லாமல் போனான். திரௌபதி கூடத்தில் புத்தகத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவன் ஓங்கரிப்பதும், கொல்லைக்கு ஓடி வாந்தி எடுப்பதும், திரும்பி வருவதும் கேட்டது. சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். இல்லை. இதற்காக ஒரு வயசான மனுஷி தன் உடம்பை விரித்துக் காட்ட வேண்டியிருந்ததே என்றுதான் கூசியது.

காலையில் அவள் கிளம்பும்போது, ராமதாஸ் வாசலில் பீபி ஜானிடம் பேசிக்கொண்டிருந்தான். “அம்மாவுக்கு எல்லாம் என் கையாலதான் செய்யறேன். வேற யாரையும் தொட விடறதில்ல.”

ஒரே ராத்திரிக்குள் அதையும் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டுவிட்டான்.

பீபி ஜான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். வெற்றிலைச் சாற்றைச் சாக்கடையில் துப்பினாள். “ரொம்ப நல்லதுங்க சார். அப்ப இன்னிக்கி நான் வர வேணாமில்ல?”

அவன் திரௌபதியைத் திரும்பிப் பார்த்தான்.

“வேணாங்க்கா” என்றாள் திரௌபதி. “பரீட்சை முடியற வரைக்கும் இவரே பாத்துக்குவாரு.”

அவன் லீவு போட்டான். பரீட்சை முடிந்த அன்றே மறுபடி வாசலோடு நின்றுகொண்டான். திரௌபதி இரண்டாம் வகுப்பில் தேறினாள். ராமதாஸ் தெரு முழுக்க ஜாங்கிரி கொடுத்து, வந்தவர்களிடமெல்லாம், “பாஸ் பண்ணிட்டோம்” என்றான்.

அவள் அதில் ஒன்றைக்கூட வாயில் வைக்கவில்லை. மறு வாரம் பி.எட். படிப்புக்கு மனுப் போட வேலூர் பஸ் ஏறினாள். இந்தத் தடவை அவனிடம் சொல்லக்கூட இல்லை.