கணக்கு வாத்தியார் எண்ணிய மீன்கள்

நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பை நின்ற இடத்திலிருந்தே எண்ணிவிடுகிற கணக்கு வாத்தியாருக்கு, சொந்த வீட்டுத் தொட்டியில் இருந்த பன்னிரண்டு மீன்களை எண்ண முடியவில்லை. நகத்தளவு மீன்கள்தாம். நியான் டெட்ரா என்பார்கள். உடம்பில் நீலக்கோடு, வால் பக்கம் சிவப்பு. கூட்டமாகவே திரியும், ஒன்று திரும்பினால் அத்தனையும் திரும்பும். இதில் எதை எண்ணியாயிற்று, எதை எண்ணவில்லை என்று எவன் கண்டான்?

எண்ண வேண்டிய அவசரமும் லேசுப்பட்டதில்லை. அன்று காலை தண்ணீர் மாற்றுகிறேன் பேர்வழி என்று உட்கார்ந்தார். மனைவி வேலைக்குப் போயிருந்தாள். ஒன்றரை வயது மகள் தரையில் கிண்ணத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். தொட்டியிலிருந்து எடுத்த சாமான்களை ஈரத்துண்டின்மேல் பரப்பினார். அழுக்குத் தண்ணீரைக் குழாய் வைத்து வாளியில் இறக்கி முடித்ததும், இன்னொரு வாளி எடுக்கக் குளியலறைக்குப் போனார். அரை நிமிஷம் இருக்குமா? திரும்பி வந்தால், மகள் இரண்டு கையையும் வாளிக்குள் விட்டு அளைந்துகொண்டிருந்தாள். வாயெல்லாம் ஈரம். லொக் லொக்கென்று இருமல் வேறு.

வாத்தியாருக்குப் பகீரென்றது. அந்தக் குழாய் சில சமயம் தண்ணீரோடு மீனையும் இழுத்து வாளியில் போட்டுவிடும்.

"கண்ணு, மீனைத் தின்னியா?"

"ம்."

"தின்னலையா?"

"ம்."

எதைக் கேட்டாலும் 'ம்' கொட்டுகிற வயது. வாயைத் திறந்து பார்க்கலாமென்றால் நறுக்கென்று விரலைக் கடித்தாள். மனைவியைக் கூப்பிடப் போனை எடுத்தார், தைரியம் வரவில்லை. 'அரை நாள் பாத்துக்க முடியலையா உங்களால?' என்று கேட்பாள். கேட்டால் என்ன தப்பு? மனுஷன் அதற்குப் பயந்து வண்ணமீன் கடைக்காரனைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"தம்பி, குழந்தை மீனை முழுங்கிட்டாளோன்னு பயமா இருக்குப்பா. இருமுறா."

"ஐயையோ! மொதல்ல மீன் கொறையுதான்னு பாருங்க சார். ஒரு மூலையில தீனி போடுங்க, எல்லாம் அங்க வந்துரும். உடனே போட்டோ எடுத்து எண்ணுங்க. ஓடுற மீனை எண்ணுனா விடிஞ்ச மாதிரிதான்."

அவசரத்தில் முதல் படம் கலங்கிப்போயிற்று. இரண்டாவது படத்தில் விரல் வைத்து எண்ணினார். பத்து, பதினொன்று. அவ்வளவுதான். கடவுளே, உயிரோடு ஒரு மீன் என் பிள்ளை தொண்டையில் துடிக்கிறதா? மறுபடி தீனி போட்டு, மறுபடி படம் எடுத்தார். செடிக்குப் பின்னாலிருந்து ஒரு வால் எட்டிப்பார்த்தது.

"பன்னெண்டு! தம்பி, பன்னெண்டும் இருக்கு!"

"பாத்தீங்களா? வீணா உசுரை விட்டீங்களே சார்!"

வாத்தியார் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே மகள் பக்கம் திரும்பினார்.

அவள் இருமவில்லை. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. கண் பிதுங்கி, உதடு நீலம் பாய்ந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு மீனும் தொட்டியில் இருக்கிறதென்றால் இவள் வாய்க்குள் போனது எது? துண்டைப் பார்த்தார். காற்றுக்குழாய் கிடந்தது. அதன் முனையில் செருகியிருந்த, தண்ணீரில் குமிழி விடுகிற சின்னக் கல்லைக் காணோம்.

பள்ளிக்கூடத்தில் முதலுதவி வகுப்பு நடந்தபோது கடைசி வரிசையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்தியவர் இவர். காதில் விழுந்த அரைகுறைதான் இப்போது கைகொடுக்க வேண்டும். மகளைத் தொடைமேல் குப்புறப் போட்டு, தலையைத் தாழ்த்தி, முதுகில் தோள்களுக்கு நடுவே உள்ளங்கையால் அறைந்தார். ஒன்று. இரண்டு. இதுவரை ஒரு தட்டு தட்டியிராத பிள்ளை. மூன்று. "அம்மாடி, வந்துரும்மா, வந்துரும்மா." நான்கு. ஐந்தாவது அறையில் டக்கென்று கல் தரையில் விழுந்தது.

ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு மகள் வீறிட்டாள். அந்த வீடே அதிர்ந்தது.

"சார்? என்ன சார் ஆச்சு? பாப்பா ஏன் இப்படிக் கத்துது? தூக்கி சமாதானப்படுத்துங்க சார்!"

வாத்தியார் அவளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தரையிலேயே சரிந்து உட்கார்ந்தார்.

"அழட்டும் தம்பி, நல்லா அழட்டும்" என்றார். அதற்குமேல் முடியவில்லை, அவரும் உடைந்துவிட்டார். "எம்புள்ளைக்கு மூச்சு நிக்கிற வரைக்கும் நான் மீனை எண்ணிக்கிட்டு இருந்தேன்பா."